திருவரங்கம் பெரியகோயிலின் ஆவண மரபு: ஓலை முதல் கணினி வரை தேடுதற்குரிய அறிவுக் களஞ்சியத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பெரிய நிறுவனம் ஒன்று தன் அறிவைச் சேமிப்பதும் சேமித்ததை வேண்டும்போது தேடி எடுப்பதும் இருவேறு பணிகள். திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்விரு பணிகளும் எவ்வாறு நிகழ்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கல்வெட்டு, சரசுவதி பண்டாரம், உரைமரபு, கோயிலொழுகு, அச்சுத் தொகுதி, கணினித் தரவு ஆகியவை வரிசையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒவ்வொரு காலமும் புதியதொரு தேடல்வழியைத் திறந்தபோது முந்தையதொரு வழியைப் பின்னுக்குத் தள்ளியது என்பது இக்கட்டுரையின் வாதம். சக ஆண்டு 1293க்குரிய கோபண்ணன் கல்வெட்டு இதற்குச் சான்றாக விரிவாக ஆராயப்படுகிறது. இன்று உருவாகிவரும் மின்னணுக் களஞ்சியங்கள் எவ்வெவற்றை இழக்காமல் காக்க வேண்டும் என்பது முடிவாகத் தொகுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருவரங்கம், கோயிலொழுகு, கல்வெட்டு, சரசுவதி பண்டாரம், பழங்கல்படி, அட்டவணை, மின்னணுக் களஞ்சியம்

1. முன்னுரை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் 156 ஏக்கர் பரப்பில் ஏழு திருச்சுற்றுகளோடு அமைந்தது திருவரங்கம் பெரியகோயில். அதன் வெளிச்சுற்றுகளில் தெருக்களும் வீடுகளும் அங்காடிகளும் உள்ளன. வழிபாட்டிடமாக இருப்பதோடு, நிலம், நெல், பொன், பசு, நந்தவனம், மடம், திருநாள், பணியாளர் எனப் பலவற்றை நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டுவந்த நிறுவனமாகவும் அதனைக் காணுதல் வேண்டும்.

இத்தகைய நிறுவனம் நாள்தோறும் சில வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். இந்த விளக்குக்கு நிலம் தந்தவர் யார்? இந்தத் திருநாளில் முதல் மரியாதை யாருக்கு? இந்த ஊரின் விளைச்சலில் கோயிற் பங்கு எவ்வளவு? விடைகள் எங்கோ எழுதப்பட்டிருந்தன அல்லது யாரோ ஒருவரின் நினைவில் இருந்தன. அவற்றை எவ்வாறு தேடினர் என்பதே இங்கு வினா.

திருவரங்கத்தின் அரசியல் வரலாறும் சமய வரலாறும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. வே. ந. ஹரிராவ் 1961இல் கோயிலொழுகை ஆங்கிலத்தில் வரலாற்றுக் குறிப்புகளுடன் வெளியிட்டார். 1976இல் அவருடைய கோயில் வரலாறு வெளிவந்தது. அவர் பணியும் அதனைத் தொடர்ந்தவர் பணியும் ஆவணங்கள் கூறும் செய்தியை மையமாகக் கொண்டவை. இக்கட்டுரை ஆவணங்களின் அமைப்பையும் அவற்றை அடையும் வழியையும் மையமாகக் கொள்கிறது. இதற்குக் காரணம் உண்டு. கல்வெட்டுப் படிகளும் ஓலைச்சுவடிகளும் இன்று விரைந்து மின்னணு வடிவம் பெற்றுவருகின்றன. அவற்றை எவ்வகைப் பகுப்பில் அடுக்குகிறோமோ, அப்பகுப்பே வருங்கால ஆய்வாளரின் வினாக்களையும் வரையறுக்கும்.

2. ஓலையும் கல்லும்

கோயிற் கல்வெட்டை மூல ஆவணமாகக் கருதுவது ஆய்வுலகின் பழக்கம். ஆயினும் சோழர், பாண்டியர் கால ஆட்சி நடைமுறையில் கல்வெட்டு ஆவணச் சங்கிலியின் இறுதிக் கண்ணியாகவே இருந்தது. அரசனின் வாய்மொழி ஆணை ஓலையில் எழுதப்பட்டது, அதிகாரிகள் ஒப்பமிட்டனர், வரிப் பதிவேட்டில் ஏற்றப்பட்டது, அதன் பின்னரே கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ள இசைவு கிடைத்தது. தேடுதற்கும் திருத்துதற்கும் உரிய ஆவணம் ஓலையே. நிலைத்திருத்தற்கும் ஊரறியச் செய்தற்கும் உரிய படி கல். ஓலைகள் அழிந்து கற்கள் எஞ்சியமையால் இவ்வுறவு நமக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது.

இவ்வுறவை விளக்கும் சான்று திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் கிடைக்கிறது. அக்கோயிலின் நடுத்தளியைப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவரை இடிக்குமுன் அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் அந்த ஆணையில் அடங்கும். அப்படிகள் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இடைப்பட்ட ஏறத்தாழ 13 ஆண்டுகள் அக்கோயிலின் உரிமைகள் அனைத்தும் புத்தகத்தை நம்பியே இருந்தன. செம்பியன்மாதேவியார் திருக்கோடிகாவலில் கற்றளி எடுப்பித்தபோதும் பழைய கல்வெட்டுகள் படியெடுத்துப் பொறிக்கப்பட்டன. அவை பழங்கல்படி என்னும் குறிப்பையும் தாங்கின. தான் மூலமன்று, படி என்பதைக் கல்வெட்டே அறிவிக்கும் இம்மரபு, ஆவண நேர்மைக்கு நல்லதொரு எடுத்துக்காட்டாகும்.

திருவரங்கத்தில் 10ஆம் நூற்றாண்டின் முதற் பராந்தகன் காலம் தொட்டு நாயக்கர் காலம் வரை 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தமிழே மிகுதி, வடமொழி, தெலுங்கு, கன்னடம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. இவற்றைத் தேடும் முதன்மை வழி இடமாகவே இருந்தது. தர்மவர்மன், ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன், கலியுகராமன் என ஏழு சுற்றுகளுக்கும் பெயர் உண்டு. அரசர் பெயரும் ஆழ்வார் பெயரும் தாங்கிய இச்சுற்றுகள் கோயிலின் முகவரிகளாகச் செயற்பட்டன. ஒரு கொடை எந்தச் சுற்றில், எந்த வாயிலில், எந்தச் சன்னிதிச் சுவரில் வெட்டப்பட்டுள்ளது என்பது அக்கொடையின் காலத்தையும் நோக்கத்தையும் தொடர்புடைய பணியாளரையும் ஒருங்கே உணர்த்தியது. மடைப்பள்ளிக்குரிய ஆணையை மடைப்பள்ளியருகே வெட்டினால், அதனை நாள்தோறும் காண வேண்டியவர் கண்ணில் அது படும். சுவரே இங்கு அட்டவணையாகிறது.

3. சரசுவதி பண்டாரம்

கல்லில் ஏறாத நூல்களுக்குக் கோயிலில் தனி இடம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில், ஹொய்சளர் செல்வாக்கு நிலவிய காலத்தில், பாலப்பள்ளி நீலகண்ட நாயகர் என்பவர் திருவரங்கத்தில் சரசுவதி பண்டாரத்துக்கு மண்டபம் எடுத்தார். அங்கே ஹயக்ரீவர், சரசுவதி, வேதவியாசர் ஆகியோரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்தார். கல்வெட்டு தரும் இச்செய்தி இருவகையில் கருதத்தக்கது.

முதலாவது, பொன்னும் நெல்லும் வைக்கும் இடத்தைப் போலவே ஏடுகள் வைக்கும் இடமும் பண்டாரம் எனப்பட்டது. ஏடு கோயிலின் உடைமையாகவும் கணக்குக்கு உட்பட்ட பொருளாகவும் கொள்ளப்பட்டது என்பதை இப்பெயர் காட்டுகிறது. இரண்டாவது, நூலகம் வழிபாட்டிடமாகவும் அமைந்தது. வழிபாடு நடக்கும் இடத்தில் விளக்கெரியும், தூசு துடைக்கப்படும், ஒருவர் நாள்தோறும் வந்து செல்வார். ஏடுகளுக்குப் பகை ஈரமும் செல்லும் மறதியும் ஆகும். மறதியைத் தடுப்பதற்கு நாள்வழிபாட்டைக் காட்டிலும் உறுதியான ஏற்பாடு அக்காலத்தில் அரிது.

அதே நூற்றாண்டில் சிதம்பரத்திலும் சரசுவதி பண்டாரம் இருந்தது. ஏடுகளைப் பார்த்தெழுதவும் பேணவும் அங்கே ஆட்கள் அமர்த்தப்பட்டனர். களஞ்சியம் என்பது கட்டடத்தோடு முடிவதன்று. படியெடுப்போர் இருக்கும் வரையிலேயே அது களஞ்சியம் என்ற தெளிவு அக்கால நிறுவனங்களுக்கு இருந்தது.

இத்தெளிவின் தேவையை 14ஆம் நூற்றாண்டு உணர்த்தியது. 1311இலும் 1323இலும் தில்லிப் படைகள் தென்னகம் வந்தன. 1323இல் உலூக்கான் படையெடுப்பின்போது நம்பெருமாள் திருமேனியைப் பிள்ளை உலகாசிரியரும் பிறரும் கோயிலிலிருந்து வெளியே கொண்டு சென்றனர். சுதர்சன சூரி இயற்றிய சுருதப்பிரகாசிகை என்னும் உரைநூலின் ஏட்டை வேதாந்த தேசிகர் காத்துச் சென்றார் என்று குருபரம்பரை மரபு கூறுகிறது. திருமேனியும் ஏடும் ஒரே இடரில் ஒரே வகையில் காக்கப்பட்டதாக மரபு நினைவுகூர்வது தற்செயலன்று. வைணவ சமூகம் தன் தொடர்ச்சிக்கு இன்றியமையாதவை எவை எனக் கருதியது என்பதற்கு இது சான்றாகும்.

4. உரைமரபில் அளவும் அணுகலும்

திருவரங்கத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த திருவாய்மொழி உரைகள் ஐந்தும் அவற்றின் அளவால் பெயர் பெற்றவை: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. 32 எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம். அத்தகைய கிரந்தங்களின் எண்ணிக்கையே படி எனப்பட்டது. இப்பெயரிடலின் ஆவணப் பயனை அறிஞர் அதிகம் கருதியதில்லை. ஒரு நூலின் பெயரிலேயே அதன் அளவு பொதிந்திருப்பின், கையிலுள்ள ஏடு முழுமையானதா குறைவுற்றதா என்பதை எண்ணிப் பார்த்து அறியலாம். இன்றைய கணினித் துறையில் கோப்பு சிதையாமல் வந்து சேர்ந்ததா எனச் சரிபார்க்கப் பயன்படும் கூட்டெண்ணுக்கு இது நெருங்கிய உத்தியாகும்.

படியெடுத்தலின் இடர்களையும் மரபு மறைக்கவில்லை. நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படியைச் செம்மையாக எழுதித்தரும் பொறுப்பை ஏற்ற நம்பூர் வரதராசர் காவிரியைக் கடக்கும்போது ஏட்டை ஆற்றில் இழந்தார் என்றும், பின்னர் நினைவிலிருந்தே முழுவதையும் எழுதினார் என்றும் குருபரம்பரை கூறும். அவரே பின்னாளில் நம்பிள்ளை எனப் புகழ்பெற்றார். நிகழ்ச்சியின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், ஏடும் நினைவும் ஒன்றுக்கொன்று காப்பாக நின்றன என்னும் கருத்து இதில் தெளிவு.

நம்பிள்ளையின் விரிவுரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அது உடனே எல்லார் கைக்கும் வரவில்லை. நெடுங்காலம் ஆசிரிய மாணவ வழியில் மட்டும் கற்பிக்கப்பட்டது என்பது மரபு. 15ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் திருவரங்கத்தில் பெருமாள் திருமுன்பு ஓராண்டுக் காலம் அதனை விரித்துரைத்த பின்னரே அது பெருவழக்காயிற்று. அறிவைச் சேமிப்பதோடு அதனை யார், எப்போது அணுகலாம் என வரையறுப்பதும் நிறுவனத்தின் செயலாக இருந்தது.

மாமுனிகளின் மற்றொரு பணி ஆவண நோக்கில் மேலும் சிறப்புடையது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை எழுதிய உரையில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் உரையெழுதி, எஞ்சியதை அவ்வாறே விட்டார். முழுவதற்கும் புதிதாக எழுதியிருப்பின் பழைய பகுதி வழக்கொழிந்திருக்கக்கூடும். இழப்பின் எல்லையை அறிந்து அதனை மட்டும் நிரப்பியமையால், எது பழையது, எது புதியது என்பது இன்றும் விளங்குகிறது. பதிப்பாசிரியர்களும் களஞ்சிய வடிவமைப்பாளர்களும் பின்பற்றத்தக்க நெறி இது.

5. கொத்தும் ஒழுகும்

கோயிற் பணியை இராமானுசர் பத்துக் கொத்துகளாக ஒழுங்குபடுத்தினார் எனக் கோயிலொழுகு கூறுகிறது. பாசுரங்களை இசைத்து அபிநயிக்கும் அரையர்களான விண்ணப்பஞ்செய்வார், திருமஞ்சனத்துக்கு நீர் சுமக்கும் திருக்கரகக்கையார், வாயில் காக்கும் ஆரியபட்டாள் முதலியோர் இக்கொத்துகளில் அடங்குவர். பணிப்பகுப்பாகத் தோன்றும் இவ்வேற்பாடு அறிவுப் பகுப்பாகவும் இருந்தது. ஒவ்வொரு கொத்தும் தன் பணிக்குரிய விதிகளையும் உரிமைகளையும் தலைமுறை தோறும் கைமாற்றியது. ஐயம் எழுந்தால் எந்த ஏட்டைப் பார்ப்பது என்பதைக் காட்டிலும் யாரைக் கேட்பது என்பதே முதல் வினா. மனிதரே அட்டவணையாக இருந்த நிலை இது. ஒரு குடும்பம் அற்றுப்போயினும் ஊர்விட்டுப் பெயரினும் அட்டவணையில் ஒரு பக்கம் கிழிந்துவிடும் என்பது இதன் குறை.

அக்குறையை ஈடுசெய்ய எழுந்ததாகக் கோயிலொழுகைக் கொள்ளலாம். ஒழுகு என்னும் சொல் வழிவழி வரும் நடைமுறை என்னும் பொருளோடு பதிவேடு என்னும் பொருளையும் தாங்கியது. பல தலைமுறைகளில் பலர் கையால் வளர்ந்த இந்நூல் திருப்பணிகள், கொடைகள், பணியாளர் உரிமைகள், படையெடுப்புகள், மீட்புகள் ஆகியவற்றைத் தொடர் வரலாறாகத் தருகிறது. கல்வெட்டுகள் தனித்தனி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய, ஒழுகு அவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பை அமைக்கிறது. ஒரு நிறுவனம் தன்னைப்பற்றிய அறிவை ஒரே நூலில் தேடும் வகையில் தொகுத்துக்கொண்டமைக்குத் தமிழில் உள்ள சிறந்த சான்றுகளுள் இது ஒன்று.

ஒழுகின் தேடல்முறை பெயரையும் நிகழ்ச்சியையும் சார்ந்தது, ஆண்டைச் சார்ந்ததன்று. 1323ஆம் ஆண்டுப் பேரழிவு அதில் பன்றியாழ்வான் மேட்டுக் கலகம் என இடப்பெயரால் நினைவுகூரப்படுகிறது. அந்நினைவைப் பகிர்ந்துகொண்ட சமூகத்தினருக்கு அப்பெயரே போதுமான திறவு. வெளியிலிருந்து வருபவருக்கோ விளக்கவுரை வேண்டும். மேலும், ஒழுகின் காலவரிசை சிலவிடங்களில் குழம்பியுள்ளதை ஹரிராவ் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுக் காட்டியுள்ளார். உத்தமநம்பி மரபினரின் செயல்கள் அதில் விரிவான இடம் பெறுகின்றன. எனவே ஒழுகு சான்றாகவும் தரப்பு வாதமாகவும் ஒருங்கே வாசிக்கப்பட வேண்டிய நூலாகிறது. உரிமைகள் நிலைபெறுவது ஆவணத்தால் என்று அறிந்த நிறுவனத்தில், தொகுப்பவரின் கை தொகுப்பில் தெரியாமல் இருப்பதில்லை. இன்றைய தரவுத்தளங்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

6. எண்ணும் தொகுதியும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதியதொரு நிறுவனம் கோயிலின் ஆவணங்களைத் தேடி வந்தது. 1886இல் அரசுக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஹூல்ச், தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை 1890இல் வெளியிட்டார். திருவரங்கத்தில் சுந்தரபாண்டியன் கல்வெட்டையும் கோபண்ணன் கல்வெட்டையும் எபிகிராபியா இண்டிகா இதழின் 3ஆம், 6ஆம் தொகுதிகளில் பதிப்பித்தவரும் அவரே.

கல்வெட்டுத் துறையின் தேடல்முறை எண்ணை அடிப்படையாகக் கொண்டது. ஈரத்தாள் ஒற்றி மையிட்டு எடுத்த படிக்கு, அது எடுக்கப்பட்ட ஆண்டும் வரிசை எண்ணும் பெயராயின. வி. ரங்காசாரியார் 1919இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுப் பட்டியல், இவற்றை மாவட்டம், வட்டம், ஊர் என இடவாரியாக அடுக்கியது. திருவரங்கம் முழுமைக்குமான தொகுதி தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆவதாக, எச். கே. நரசிம்மசுவாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1982இல் வெளிவந்தது. ஹூல்சின் முதற் பதிப்புகளுக்கும் இத்தொகுதிக்கும் இடையே 80க்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்தன.

இத்தொகுதியின் பயன் அளவிடற்கரியது. சென்னையிலோ கியோட்டோவிலோ இருப்பவரும் திருவரங்கத்துச் சுவரை வாசிக்க முடிந்தது. அதே வேளையில் ஓர் இடமாற்றம் நிகழ்ந்தது. சுவரில் அருகருகே இருந்த கல்வெட்டுகள் நூலில் அரச மரபு, ஆட்சியாண்டு ஆகியவற்றின்படி பிரிந்தன. இருப்பிடம் தலைப்புக் குறிப்பில் ஒரு வரியாயிற்று. ஒரு வாயிலில் மூன்று நூற்றாண்டுகளாகச் சேர்ந்த ஆணைகளை ஒருங்கே காண விரும்பும் ஆய்வாளர், தலைப்புக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து அவ்வாயிலைத் தாமே மீட்டமைக்க வேண்டியுள்ளது. அரசரை மையமாகக் கொண்ட வரலாறு மிகுதியாகவும் இடத்தை மையமாகக் கொண்ட வரலாறு குறைவாகவும் எழுதப்பட்டமைக்கு இவ்வடுக்குமுறையும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

படிகளின் இருப்பிடமும் மாறியது. கல்வெட்டுத் துறையின் தலைமையகம் உதகமண்டலத்திலிருந்து 1966இல் மைசூருக்குச் சென்றது. தமிழ்க் கல்வெட்டுப் படிகளும் அங்கே வைக்கப்பட்டன. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர ஆணையிட்டது. ஆவணம் எங்கே இருக்க வேண்டும் என்பது ஆய்வு வசதி பற்றிய வினாவாக மட்டும் இல்லை. யாருடைய உடைமை என்னும் வினாவும் அதில் அடங்கியுள்ளது.

7. ஒரு கல்வெட்டும் அதன் திறவுகளும்

மேற்கூறியவற்றை ஒரு சான்றால் விளக்கலாம். செஞ்சிப் பகுதியில் ஆட்சி புரிந்த விசயநகர அதிகாரி கோபண்ணன், நம்பெருமாள் திருமேனியை மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளச் செய்த நிகழ்ச்சியை இரு வடமொழிச் சுலோகங்கள் கோயிற் சுவரில் கிரந்த எழுத்தில் பதிவு செய்கின்றன. இதன் ஆண்டு எண்ணுருவில் இல்லை. பந்துப்ரியே என்னும் சொல்லில் மறைந்துள்ளது. கடபயாதி முறைப்படி ஒவ்வொரு மெய்யும் ஓர் எண்ணைக் குறிக்கும். பகர வருக்கத்தின் மூன்றாம் எழுத்து 3, தகர வருக்கத்தின் நான்காம் எழுத்து 9, கூட்டெழுத்தில் இறுதி மெய்யாகிய ரகரம் 2, யகரம் 1. வலமிருந்து இடமாக வாசித்தால் 1293. சக ஆண்டு 1293, கி.பி. 1371க்கு இணையானது.

இக்கல்வெட்டைத் தமிழ் எழுத்தில் மட்டும் படியெடுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றுவதாகக் கொள்வோம். தமிழ் எழுத்து வருக்க வேறுபாட்டைக் காட்டாது. படியை மட்டும் கொண்டு கணக்கிடுபவர் பகரத்தை 1 எனவும் தகரத்தை 6 எனவும் கொண்டு 1261 என்னும் ஆண்டை அடைவார். 32 ஆண்டுகள் பிழைபடும். திருமேனி திரும்பி வந்த காலம் மதுரைச் சுல்தான்கள் ஆண்ட 1339ஆகத் தோன்றும். அந்நிகழ்ச்சியின் அரசியற் பின்னணியே மாறிவிடும். எழுத்துவடிவம் புற அலங்காரமாகத் தோன்றலாம். இங்கு அதுவே ஆண்டைத் தாங்கும் தரவாக உள்ளது. கிரந்த எழுத்துகள் யூனிகோடில் 2014இல் இடம்பெற்றன. அதற்குமுன் உருவாக்கப்பட்ட தரவுகளை மீளாய்வு செய்ய இதுவே போதிய காரணமாகும்.

கல்வெட்டு நிகழ்ச்சியையும் ஆண்டையும் தருகிறது. அச்சுலோகங்களை இயற்றியவர் வேதாந்த தேசிகர் என்னும் செய்தியை வைணவ மரபு நூல்கள் தருகின்றன. திருமேனி சென்ற வழியையும் மீட்பின் விரிவையும் கோயிலொழுகு கூறுகிறது. ஆண்டைக் கொண்டு தேடுபவருக்குக் கல்வெட்டும், ஆசிரியரைக் கொண்டு தேடுபவருக்குக் குருபரம்பரையும், நிகழ்ச்சியைக் கொண்டு தேடுபவருக்கு ஒழுகும் வாயிலாகின்றன. மூன்றையும் இணைக்காத களஞ்சியத்தில் ஒரே நிகழ்ச்சி மூன்று தொடர்பற்ற செய்திகளாகச் சிதறிக் கிடக்கும். இணைக்கும்போது ஒவ்வொன்றின் சான்றுமதிப்பையும் தனித்தனியே குறிப்பது இன்றியமையாதது. இல்லையெனில் மரபுச் செய்தி கல்வெட்டுச் செய்தியின் உறுதியைத் தானும் பெற்றுவிடும்.

பெயர்ச் சிக்கலும் இத்தகையதே. திருவரங்க விமானத்தைப் பொன்வேய்ந்த சடாவர்மன் சுந்தரபாண்டியன் அச்செயலால் ஹேமாச்சாதனராஜன் எனவும் பெயர் பெற்றான். சுந்தரபாண்டியன் என்று தேடுபவருக்கு இப்பட்டம் அகப்படாது; அதே வேளையில் அப்பெயர் தாங்கிய வேறு பாண்டியர் பலர் அகப்படுவர். சோழர் காலத்து வைணவக் கோயிற் கல்வெட்டுகளில் ஆழ்வார் என்னும் சொல் இறைவனையும் குறிப்பதுண்டு. கோயில் என்னும் பொதுச்சொல் வைணவ வழக்கில் திருவரங்கத்தின் சிறப்புப் பெயர். எழுத்துக் கோவையை மட்டும் ஒப்பிடும் தேடுபொறிக்கு இவ்வேறுபாடுகள் எட்டா.

8. கணினித் தொகுப்புகள்

தமிழ்க் கல்வெட்டாய்வில் கணினியின் பயன்பாடு அண்மைக்காலத்தது அன்று. நொபுரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினி வழித் தொகுத்து மூன்று தொகுதிகளாக 1978இல் வெளியிட்டனர். அதிகாரப் பட்டங்களையும் நில உரிமையையும் புள்ளியியல் நோக்கில் ஆராய அது வழிவகுத்தது. 1982இல் வெளிவந்த திருவரங்கத் தொகுதி அதற்கு எட்டவில்லை. எந்தத் தொகுப்பும் தன் காலத்தில் அச்சேறியவற்றின் எல்லையை மீற இயலாது என்பதற்கு இது சான்று. பின்னர் சுப்பராயலுவின் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி 2002, 2003ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்து, சொற்பொருள் வழித் தேடலுக்கு அடித்தளமிட்டது.

2019இல் தொடங்கிய தர்மா என்னும் ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை எபிடாக் குறியீட்டு முறையில் பதிவு செய்கிறது. கல்வெட்டில் உள்ளது, சிதைந்தது, பதிப்பாசிரியர் ஊகித்தது ஆகியவற்றை வெவ்வேறாகக் குறிக்க இம்முறை இடந்தருகிறது. மாமுனிகள் பெரியாழ்வார் திருமொழி உரையில் காத்த எல்லையை இங்குக் குறியீடு காக்கிறது. திருச்சிராப்பள்ளியில் இயங்கும் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம் சுற்றுப்புறக் கோயில்களில் நேரடிக் கள ஆய்வு செய்து தன் வரலாறு இதழில் வெளியிடும் கண்டுபிடிப்புகள், அச்சுத் தொகுதிகளுக்கு வெளியே கல்வெட்டுகள் இன்னும் கிடைத்துவருவதை உணர்த்துகின்றன. திருப்பணிகளின்போது சுண்ணம் பூசுதல், மணல்வீச்சு, கற்களை இடம்மாற்றுதல் ஆகியவற்றால் எழுத்துகள் தேய்ந்தும் மறைந்தும் வருகின்றன. இவற்றைக் கருதும்போது, களப்பதிவும் கணினிப் பதிவும் ஒன்றையொன்று காத்திருக்க இயலாது.

9. முடிவுரை

திருவரங்கத்தின் ஆவண வரலாற்றில் நான்கு தேடல்வழிகள் தெளிவாகின்றன. சுவரில் இடத்தாலும், கொத்தில் மனிதராலும், ஒழுகில் நிகழ்ச்சியாலும், கல்வெட்டுத் தொகுதியில் எண்ணாலும் தேடினர். கணினி இவற்றோடு சொல்லால் தேடும் வழியைச் சேர்த்துள்ளது. முந்தைய நான்கையும் உடன்கொண்டு செல்லும் ஆற்றல் முதன்முறையாகக் கணினிக்கே வாய்த்துள்ளது. ஆயினும் அந்த ஆற்றல் தானாகச் செயற்படுவதில்லை.

இவ்வாய்வின் அடிப்படையில், கோயில் ஆவணங்களுக்கான களஞ்சியத்தில் ஒவ்வொரு பதிவும் ஐந்து செய்திகளைத் தாங்குதல் வேண்டும் எனக் கூறலாம்:

அ. சுற்று, வாயில், சுவர், வரிசை எனத் துல்லியமான இருப்பிடமும், அருகிலுள்ள கல்வெட்டுகளோடு அதற்குள்ள உறவும்.

ஆ. மூல எழுத்துவடிவமும், அதனின்று வேறாகக் குறிக்கப்பட்ட எழுத்துப்பெயர்ப்பும்.

இ. மூலமா, பழங்கல்படியா, பிற்காலப் படியா என்னும் படிவரலாறு.

ஈ. ஒரே ஆள், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றுக்குரிய மாற்றுப்பெயர்களின் இணைப்பு.

உ. ஒழுகு, குருபரம்பரை, வாய்மொழி மரபு ஆகியவற்றில் உள்ள தொடர்புச் செய்திகளும் அவற்றின் சான்றுமதிப்பும்.

இவற்றுள் முதலாவதும் இறுதியானதும் அலுவலகத்தில் அமர்ந்து நிரப்பக் கூடியவை அல்ல. சுவரை நேரிற் கண்டவரும் மரபை வழிவழியாக அறிந்தவரும் அப்பணியில் பங்கேற்க வேண்டும். திருவரங்கத்தில் இன்றும் தலைமுறைப் பணியாளர் உள்ளனர். அவர்களுடைய அறிவின் பெரும்பகுதி எந்தத் தொகுதியிலும் ஏறவில்லை. திருமழபாடியில் சுவரை இடிக்குமுன் படியெடுக்குமாறு ஆணை பிறந்தது. இவ்வறிவைப் பொறுத்தவரையும் படியெடுத்தலே முற்பட நிகழ வேண்டிய பணியாகும்.